குருதியின் வழி கண்ட வில்லியம் ஹார்வி

நம் வீட்டுப் பிள்ளைகளில் உயர்நிலைப் பள்ளியில் பயிலும் ஒருவரை அழைத்து, இருதயத்தின் படம் ஒன்று வரைந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். நான்கு அறைகளைக் கோடிட்டுப் பிரித்து, வலப்பக்கத்துக்கு நீலப் பென்சிலும் இடப்பக்கத்துக்குச் சிவப்புப் பென்சிலும் தீட்டி, குருதி செல்லும் வழியை அம்புக்குறிகளால் காட்டிவிட்டு, ஐந்து நிமிடத்தில் விளையாடப் போய்விடுவார்கள். அந்தச் சில அம்புக்குறிகளைச் சரியான திசையில் இடுவதற்கு மேலை நாட்டு மருத்துவம் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவற்றை இட்டுக் காட்டிய பெருமை வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கிலேய மருத்துவரைச் சேரும்.

மனிதனின் இருதயத்தை அறிய விரும்பிய ஹார்வி மனிதனை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மீனையும் தவளையையும், பாம்பையும் நத்தையையும், முட்டைக்குள் துடிக்கும் கோழிக் குஞ்சையும் பார்த்தார். எளிய உயிர்களிடம் பாடம் கேட்டு, அரிய உண்மையை அவர் அடைந்தார். அவருடைய வாழ்க்கையை நம் சங்க அன்பர்களுக்குச் சுருக்கமாகக் கூற விழைகிறோம்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் தென்கிழக்கே, கெண்ட் மாநிலத்தில், கடலை நோக்கி நிற்கும் ஃபோக்ஸ்டன் என்னும் ஊரில் 1578 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஹார்வி பிறந்தார். தந்தையார் தாமஸ் ஹார்வி ஊரில் மதிப்புடன் வாழ்ந்தவர். பின்னர் நகரத் தலைவராகவும் விளங்கியவர். மக்கள் ஒன்பதின்மர், அவருள் வில்லியமே மூத்தவர். தம்பியர் பலரும் வாணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினர். மூத்தவர் ஒருவரே ஏட்டையும் மருத்துவத்தையும் நாடினார்.

காண்டர்பரி நகரத்து மன்னர் பள்ளியில் இலத்தீன் மொழி கற்று, 1593 இல் கேம்பிரிட்ஜில் உள்ள கீஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1597 இல் பட்டம் பெற்றார். மருத்துவத்தின் உயர்நிலைக் கல்வியை நாடுவோர் அக்காலத்தில் இத்தாலிக்குச் சென்றனர். அங்கே பதுவா நகரத்துப் பல்கலைக்கழகம் ஐரோப்பா முழுவதிலும் புகழ் பெற்றிருந்தது. ஹார்வியும் கடல் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தார்.

பதுவாவைப் பற்றி நம் போன்றவர்கள் விரும்பிக் கேட்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. அங்கே பல நாட்டு மாணவர்களும் நாடு வாரியாகக் குழுக்கள் அமைத்துக்கொண்டு, தத்தம் நலன்களைத் தாமே பேணி வந்தனர். வேற்று நாட்டில் வாழ வந்தவர்கள் ஒன்றுகூடி ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொள்வது புதிய வழக்கம் அன்று என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆங்கிலேய மாணவர் குழுவின் பிரதிநிதியாக ஹார்வி தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பதுவாவின் உடற்கூற்று அரங்கம் முட்டை வடிவில், ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்குகள் கொண்டு மரத்தால் அமைந்தது. இன்றும் அதைக் காணலாம். அடுக்குகளில் மாணவர்கள் நெருக்கமாக நின்று குனிந்து பார்க்க, கீழே நடுவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆசிரியர் பிணத்தை அறுத்து விளக்குவார். அவ்வாசிரியர் பப்ரீஷியஸ் என்பவர். சிரைகளுக்குள்ளே சிறு சிறு கதவுகள் போன்ற மடிப்புகள் இருப்பதை அவர் நன்கு ஆராய்ந்து, 1603 இல் நூலாக வெளியிட்டார். குருதி கைகால்களில் வேகமாக இறங்கித் தேங்கிவிடாமல் அவை தடுக்கின்றன என்பது அவர் கருத்து. கதவைக் கண்டவர் அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதன் பொருளைக் காணவில்லை. அவருடைய மாணவரோ அக்கதவுகளை மறக்கவில்லை. முதுமையில் இராபர்ட் பாயில் என்னும் அறிஞர் வினவியபோது, குருதிச் சுழற்சியைப் பற்றிய எண்ணத்தைத் தம் மனத்தில் முதலில் விதைத்தவை இக்கதவுகளே என்று ஹார்வி தெரிவித்தாராம்.

1602 இல் மருத்துவப் பட்டம் பெற்று இலண்டன் திரும்பினார். 1604 இல் அரச மருத்துவர் ஒருவரின் மகளான எலிசபெத் பிரவுன் என்னும் நங்கையை மணந்தார். மக்கட்பேறு வாய்க்கவில்லை. அம்மையார் அருமையாக வளர்த்த கிளி ஒன்று இறந்தபோது, ஹார்வி அதையும் அறுத்துப் பார்த்தார். ஆண் என்று அதுவரை வீட்டார் நம்பியிருந்த கிளியின் வயிற்றில் முட்டை இருந்தது! வீட்டுக் கிளியும் அவருக்கு ஒரு பாடமாயிற்று.

1609 இல் இலண்டன் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மருத்துவரானார். ஏழைகளுக்கு மருத்துவம் செய்வது அப்பணி. 1615 இல் மருத்துவர் கல்லூரியின் உடற்கூற்று விரிவுரையாளராக அமர்த்தப்பட்டார். 1616 இல் விரிவுரைகளைத் தொடங்கினார். பின்னர் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கும், அவர் மகன் முதலாம் சார்லஸ் மன்னருக்கும் அரண்மனை மருத்துவராக விளங்கினார்.

பழைய கொள்கை

ஹார்வியின் அருமையை உணர, அவருக்கு முன் இருந்த கொள்கையைச் சிறிது அறிதல் வேண்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்னும் கிரேக்க மருத்துவப் பேரறிஞர் வகுத்ததே அன்று வேதவாக்கு. உண்ட உணவு கல்லீரலில் குருதியாகிறது. அது சிரைகளின் வழியே உடலெங்கும் சென்று, வயலில் பாய்ந்த நீர் மண்ணில் சுவறுவதுபோல உறுப்புகளில் சுவறி மறைகிறது. ஒரு பகுதி மட்டும் இருதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நடுச்சுவரின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடப்பக்கம் கசிந்து, மூச்சுக் காற்றுடன் கலந்து உயிர்ச்சத்தாகித் தமனிகளில் செல்கிறது என்பது அக்கொள்கை. இதன்படி குருதி போவது உண்டு. திரும்பி வருவது இல்லை.

நடுச்சுவரின் துளைகளை எவரும் கண்டதில்லை. 1543 இல் பேரூல் எழுதிய வெசேலியஸ் அவற்றைப் பற்றி ஐயுற்றார். அவருக்கும் முன்னே, 13 ஆம் நூற்றாண்டில் இபின் அல் நபீஸ் என்னும் அராபிய மருத்துவர், குருதி நுரையீரலின் வழியாகவே வலமிருந்து இடம் செல்கிறது என்று எழுதிவைத்தார். ஐரோப்பாவில் செர்வீட்டஸ், கொலம்போ ஆகியோரும் 16 ஆம் நூற்றாண்டில் இதே முடிவுக்கு வந்தனர். ஆயினும் நுரையீரல் வழி ஒன்றை அறிந்ததனால் உடல் முழுவதையும் சுற்றிவரும் வழி விளங்கிவிடவில்லை. முழுச் சுற்றையும் செய்து காட்டி மெய்ப்பித்தவர் ஹார்வியே.

சிற்றுயிர்கள் கற்பித்தது

தொடக்கத்தில் ஹார்வி மனம் தளர்ந்தே போனார். நாய் முதலிய வெப்பக் குருதி விலங்குகளின் மார்பைத் திறந்து பார்த்தால், இருதயம் மின்னல் போல் துடித்தது. எது சுருங்குவது, எது விரிவது என்று கண்ணால் பிரித்தறிய இயலவில்லை. இருதயத்தின் இயக்கத்தை இறைவன் ஒருவனே அறிவான் போலும் என்று எண்ணும் அளவுக்கு அவர் சோர்வுற்றார்.

அந்நிலையில் அவருக்கு வழிகாட்டியவை குளிர்ந்த குருதி உடைய உயிர்கள். தவளை, தேரை, பாம்பு, சிறு மீன், நத்தை, நண்டு இனம் ஆகியவற்றின் இருதயம் மெல்லத் துடிக்கிறது. இடையே நின்று ஓய்கிறது. வேகமாகப் பாடும் பாட்டின் சுரங்களைப் பிரித்தறிய மாட்டாத மாணவன், அதையே விளம்ப காலத்தில் கேட்டுத் தெளிவதைப்போல, ஹார்வி இவற்றில் தெளிவு பெற்றார். சுருங்கும்போது இருதயம் கெட்டியாகிறது. நாம் கையை மடக்கும்போது புயத்தின் தசை இறுகுவது போன்றதே அது. சுருங்கும் அந்நொடியில் குருதி வெளியேறுவதால் அதன் நிறமும் வெளுக்கிறது. ஆகவே இருதயம் ஒரு தசை. சுருங்கிக் குருதியைத் தள்ளுவதே அதன் தொழில். தமனியின் நாடித் துடிப்பு அத்தள்ளுதலின் விளைவு. இருதயம் விரிந்து இழுப்பதே அதன் முதன்மைச் செயல் என்று பலரும் நம்பியிருந்ததை இது தலைகீழாக்கிற்று.

தேம்ஸ் ஆற்றில் கிடைக்கும் ஒருவகைச் சிற்றிறாலின் உடல் கண்ணாடிபோல் இருக்கும். அதை நீரில் இட்டு, சன்னல் வழியே பார்ப்பதுபோல் உள்ளே துடிக்கும் இருதயத்தை நண்பர்களுக்குக் காட்டினார். குளவி, ஈ முதலியவற்றின் துடிப்பைப் பூதக்கண்ணாடி கொண்டு கண்டார். அடைகாத்து நான்கைந்து நாளான கோழி முட்டையின் ஓட்டை நீக்கி வெதுவெதுப்பான நீரில் வைத்தபோது, ஊசிமுனை அளவான செம்புள்ளி ஒன்று தோன்றித் தோன்றி மறைந்தது. தோன்றுவது விரிவு; மறைவது சுருக்கம். உயிரின் தொடக்கமே அந்தப் புள்ளியின் துடிப்பில் இருப்பதைக் கண்டு அவர் வியந்தார். துடிப்பு ஓய்ந்துவிட்ட புறாவின் இருதயத்தின்மேல் எச்சிலால் நனைத்த வெப்பமான விரலை வைத்தபோது, அது மீண்டும் துடிக்கத் தொடங்கியதையும் எழுதியுள்ளார்.

பாம்பை வைத்து அவர் செய்த சோதனை மிக எளியது. இருதயத்துக்குள் வரும் சிரையை இடுக்கியால் பிடித்தார். இருதயம் வெளுத்துச் சிறுத்தது. இருதயத்திலிருந்து புறப்படும் தமனியைப் பிடித்தார். இருதயம் கருஞ்சிவப்பாகி, வெடித்துவிடுமோ என்னும்படி உப்பியது. வரும் வழி எது, போகும் வழி எது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வுயிர்கள் பட்ட வேதனையை இங்கே மறைத்தல் முறையன்று. மயக்க மருந்து அறியாத காலம் அது. ஹார்வி உயிரோடு இருந்தவற்றையே அறுத்தார். இன்று படிக்கும்போது நம் உள்ளம் வருந்தவே செய்கிறது. நம் நாடித் துடிப்பின் பொருளை நாம் அறிந்துகொண்டதில் பேசா உயிர்கள் பலவற்றின் கடன் நம்மேல் இருக்கிறது என்பதை நினைவிற் கொள்வோம்.

மீன் முதல் மனிதன் வரை

மனிதனை மட்டும் அறுத்துப் பார்த்து எல்லா உயிர்களையும் பற்றி முடிவு கட்டுவது தவறு என்பது ஹார்வியின் உறுதியான கருத்து. ஓர் ஊரின் ஆட்சியை மட்டும் கண்டு அரசியல் நூல் எழுத முற்படுவதற்கு அவர் அதை ஒப்பிட்டார். அவர் காட்டிய வரிசையை இன்றைய அறிவையும் சேர்த்து ஒருமுறை பார்ப்போம்.

மீனின் இருதயத்தில் மேலறை ஒன்று, கீழறை ஒன்று, நுரையீரல் இல்லை. சிரையிலிருந்து வந்த குருதியை இருதயம் தமனிக்குள் தள்ளுகிறது என்பது இங்கே எவ்விதக் குழப்பமும் இன்றித் தெரிகிறது. அக்குருதி முதலில் செவுள்களுக்குச் சென்று பிராணவாயுவை ஏற்று, அங்கிருந்து அப்படியே உடலெங்கும் செல்கிறது. ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் இருதயத்தைத் தொடுகிறது. செவுளின் நுண்குழாய்களில் புகுந்து வரும்போது அழுத்தம் குறைந்துவிடுவதால், உடலுக்குச் செல்லும் ஓட்டம் மெதுவாகவே இருக்கும். நீர் தாங்க, குளிர்ந்த உடலோடு வாழும் மீன்களுக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

தவளைக்கு மேலறை இரண்டு; கீழறை ஒன்று. நுரையீரலிலிருந்து வரும் நல்ல குருதியும் உடலிலிருந்து வரும் குருதியும் தனித்தனி மேலறைகளில் இறங்கி, ஒரே கீழறையில் கூடுகின்றன. எனினும் கீழறையின் உள்வரிகளும், புறப்படும் குழாயில் உள்ள திருகு மடிப்பும் அவை முற்றும் கலந்துவிடாமல் ஓரளவு பிரித்து அனுப்புகின்றன. தவளை தன் ஈரத் தோலாலும் மூச்சு விடுகிறது. ஆதலால் சிறிது கலப்பு அதற்குக் கேடு செய்வதில்லை. பல்லி, பாம்பு, ஆமை ஆகியவற்றில் கீழறையின் நடுவே அரைச்சுவர் எழுகிறது. முதலையில் அது முழுச்சுவராகி நான்கு அறைகள் அமைந்துவிடுகின்றன. ஆயினும் வெளிச்செல்லும் இரு பெருந்தமனிகளுக்கு இடையே ஒரு சிறு வாயில் உண்டு. நீருக்குள் மூழ்கியிருக்கும்போது நுரையீரலுக்குப் போகும் குருதியைக் குறைத்து உடலுக்குத் திருப்பிவிட முதலையால் முடிகிறது.

பறவைக்கும் பாலூட்டிக்கும் நான்கு அறைகள் முற்றிலும் பிரிந்தவை. வலப்பக்கம் நுரையீரலுக்கு, இடப்பக்கம் உடலுக்கு என்று ஒரே உறைக்குள் இரண்டு இருதயங்கள் வேலை செய்கின்றன எனலாம். நுரையீரலின் நுண்குழாய்கள் மெல்லியவை. அழுத்தம் மிகுந்தால் தாங்கா. உடலுக்கோ தலை முதல் கால் வரை எட்டும் அழுத்தம் வேண்டும். இரண்டையும் பிரித்ததனால்தான் இரு வேறு அழுத்தங்கள் இயலுகின்றன. வலக் கீழறையின் சுவர் மெலிந்தும் இடக் கீழறையின் சுவர் தடித்தும் இருப்பதன் காரணமும் இதுவே. இதை ஹார்வியும் கண்டு கூறியிருக்கிறார். குளிரிலும் வெயிலிலும் ஒரே வெப்பத்துடன் வாழ்வதற்கு வேண்டிய வேகமான ஓட்டத்தை இவ்வமைப்பே தருகிறது. பறவையின் பெருந்தமனி வலப்புறம் வளைகிறது. நமது பெருந்தமனி இடப்புறம் வளைகிறது. இரு குலங்களும் தனித்தனி வழிகளில் நடந்து ஒரே முடிவுக்கு வந்துள்ளன.

மறுகோடியில் கரப்பான் பூச்சியைப் பாருங்கள். முதுகின் அடியில் 13 அறைகள் கொண்ட நீண்ட குழாயே அதன் இருதயம். குருதிக்குச் சிவப்பு நிறமில்லை. அது குழாய்களுக்குள் அடங்கி ஓடாமல் உடற்குழியில் பரந்து உறுப்புகளை நனைக்கிறது. காற்றோ வேறு நுண்குழல்கள் வழியே நேராக உறுப்புகளை அடைகிறது. எட்டுக்கால் கணவாய்க்கு மூன்று இருதயங்கள். குருதி நீல நிறம். கடலில் நீந்தும் நீலத் திமிங்கிலத்தின் துடிப்பை முதன்முதலாக அளந்த அறிஞர்கள் 2019 இல் அதை வெளியிட்டனர். ஆழத்தில் மூழ்கியபோது அது நிமிடத்துக்கு 2 வரை குறைந்தது. சின்னஞ்சிறு தேன்சிட்டு வகை ஒன்றுக்கு அமெரிக்காவில் நிமிடத்துக்கு 1,200 துடிப்பு வரை உண்டு. நமக்கு 72 அளவில்.

இனி ஹார்வியின் வாதத்தின் உயிர்நிலைக்கு வருவோம். நுரையீரல் இல்லாத மீனில் குருதி சிரையிலிருந்து தமனிக்கு இருதயத்தின் வழியே நேராகச் செல்கிறது. நுரையீரல் இருந்தும் கீழறை ஒன்றாகவே உள்ள தவளையிலும் அவ்வாறே. கருப்பையில் உள்ள குழந்தைக்கோ கீழறை இரண்டு உண்டு. ஆனால் நுரையீரல் இன்னும் தொழில் புரியவில்லை. அதனால் இயற்கை மேலறைகளுக்கு நடுவே ஒரு வாயிலையும், இரு பெருங்குழாய்களுக்கு இடையே ஓர் இணைப்பையும் வைத்து, நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழியை அமைத்துள்ளது. தாயின் வயிற்றில் நாம் ஒருவகையில் மீனைப்போல வாழ்கிறோம்! பிறந்து முதல் மூச்சு விட்டபின் அவ்விரு வழிகளும் அடைபடுகின்றன. அப்பொழுது குருதி வலமிருந்து இடம் செல்ல எஞ்சிய வழி எது? நுரையீரலின் வழி ஒன்றே. நடுச்சுவரில் உண்மையாகவே துளைகள் இருந்தால், கருவிலுள்ள குழந்தைக்குத் தனி வாயில் எதற்கு?

அவ்வழிகள் பிறந்த பிறகும் மூடாமல் நிற்கும் குழந்தைகள் உண்டு. இருதயத்தில் ஓட்டை என்று மருத்துவர் சொல்லக் கேட்டுப் பெற்றோர் கலங்கும் நோய்களில் இதுவும் ஒன்று. இன்று அதைக் கண்டறிந்து அடைக்கும் மருத்துவர், ஹார்வி வரைந்த வழிப்படத்தைக் கையில் கொண்டே நடக்கிறார் என்றால் மிகையாகாது.

ஒரு கணக்கும் ஒரு கட்டும்

குருதி சுற்றி வருகிறது என்பதை நிறுவ ஹார்வி ஒரு சிறு கணக்குப் போட்டார். இருதயம் ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் குருதியைத் தள்ளுவதாகக் கொள்வோம். அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு எனக் கொள்வோம். 500 அவுன்ஸ் ஆகிறது. ஏறத்தாழ 15 கிலோ! உடலில் உள்ள குருதி முழுவதும் அவ்வளவு இல்லை. உண்ணும் உணவிலிருந்து அரை மணிக்குள் அவ்வளவு உண்டாகவும் முடியாது. ஆகவே போனதே திரும்பி வருகிறது. வேண்டுமென்றே அவர் குறைத்துக் கொண்ட கணக்கு இது. உண்மையில் ஓய்ந்திருக்கும் மனிதனின் இருதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் தள்ளுகிறது. உடலில் உள்ள மொத்தக் குருதியும் ஏறத்தாழ அவ்வளவே. அதாவது, ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று.

அடுத்தது கட்டு. மேற்கையை மிக இறுகக் கட்டினால் மணிக்கட்டில் நாடி நின்று கை குளிர்கிறது. கையில் குருதி ஏறுவதில்லை. கட்டைச் சிறிது தளர்த்தினால் நாடி திரும்புகிறது. கட்டுக்குக் கீழே சிரைகள் புடைக்கின்றன. ஆழத்தில் உள்ள தமனி வழியே குருதி உள்ளே வந்து, மேலாக உள்ள சிரை வழியே திரும்ப முடியாமல் நிற்கிறது என்பதே இதன் பொருள். புடைத்த சிரையில் முடிச்சு முடிச்சாகத் தெரிவன பப்ரீஷியஸ் காட்டிய கதவுகள். குருதியை விரலால் கைப்பக்கமாகத் தள்ளினால் கதவைத் தாண்டிப் போகாது. தோள்பக்கமாகத் தள்ளினால் எளிதில் போகும். கதவுகள் இருதயத்தை நோக்கியே திறக்கின்றன! ஆசிரியர் கண்ட பொருளின் கருத்தை மாணவர் கண்டார்.

நூலும் எதிர்ப்பும்

1616 இல் விரிவுரை தொடங்கியவர், 1628 வரை நூல் வெளியிடவில்லை. அப்போது அவருக்கு வயது 50. விலங்குகளில் இருதயமும் குருதியும் இயங்கும் முறையைப் பற்றிய அவ்விலத்தீன் நூல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் அச்சாயிற்று. பக்கங்கள் 72 மட்டுமே. அச்சுப் பிழைகளோ ஏராளம். மன்னர் சார்லசுக்கு அதைக் காணிக்கையாக்கி, உடலுக்கு இருதயம் எப்படியோ நாட்டுக்கு மன்னர் அப்படி என்று முகவுரையில் வணங்கினார்.

நூல் வெளிவந்ததும் ஹார்விக்குக் கிடைத்தது புகழ்மாலை அன்று. அறிவு பேதலித்தவர் என்று சாதாரண மக்கள் பேசினர். அவரிடம் வரும் நோயாளிகள் குறைந்தனர். பாரிசில் ரியோலான் என்னும் பெரும் பேராசிரியர் எதிர்த்து எழுதினார். ஹார்வி உடனுக்குடன் வாதிட விரையவில்லை. 1649 இல்தான் ரியோலானுக்குப் பண்புடன் விடை எழுதினார். நுரையீரலுக்குக் குருதி ஏன் போக வேண்டும் என்ற வினாவுக்கு அவரிடமும் முழு விடை இல்லை. பிராணவாயுவை உலகம் அறிந்தது 1770களில்தான். தமனியின் முடிவிலிருந்து சிரையின் தொடக்கத்துக்குக் குருதி எப்படிக் கடக்கிறது என்பதையும் அவர் கண்ணால் கண்டதில்லை. கடந்தே ஆகவேண்டும் என்று அறிவால் துணிந்தார்.

கண்ணால் கண்டு தெளியும் அப்பண்பு பிறர் உயிரைக் காக்கவும் உதவியது. 1634 இல் லங்காஷயர் பகுதியில், ஒரு சிறுவனின் சொல்லை நம்பிச் சில பெண்களைச் சூனியக்காரிகள் என்று தண்டித்தனர். அவர்களில் நால்வரை இலண்டனில் சோதிக்கும் பொறுப்பு மன்னரால் ஹார்விக்கு அளிக்கப்பட்டது. மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் அவர் மேற்பார்வையில் சோதித்து, இயற்கைக்கு மாறான எந்தக் குறியும் இல்லை என்று அறிவித்தனர். சிறுவனும் தான் சொன்னது பொய் என ஒப்புக்கொண்டான்.

போரும் இழப்பும்

1642 இல் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. எட்ஜ்ஹில் போர்க்களத்தில் சிறுவர்களான இளவரசர் இருவரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஹார்வியிடம் இருந்தது. அவர் வேலிப் புதர் ஒன்றின் அடியில் அமர்ந்து சட்டைப் பையிலிருந்த நூலை எடுத்துப் படிக்கலானாராம். பீரங்கிக் குண்டு அருகில் விழுந்த பின்னரே இடம் மாறினார் என்று அவரை நேரில் அறிந்த ஜான் ஆப்ரி எழுதிவைத்துள்ளார்.

போரில் அவர் பட்ட உண்மையான காயம் வேறு. இலண்டனில் அவர் தங்கியிருந்த இல்லத்தைப் பாராளுமன்றப் படையினர் சூறையாடினர். பொருள் போனதைப் பற்றி அவர் கவலையுறவில்லை. பல ஆண்டுகளாகத் தவளை, தேரை முதலிய உயிர்களை அறுத்துக் கண்டு எழுதிவைத்த குறிப்புகளும், பூச்சிகளின் பிறப்பைப் பற்றிய கையெழுத்துப் படிகளும் அழிந்துபோயின. வாழ்நாளில் தமக்கு நேர்ந்த இழப்புகளில் இதுவே கொடியது என்று பின்னர் நண்பர்களிடம் கூறி வருந்தினார். அவர் மீண்டும் எழுதாத அக்குறிப்புகள் உலகுக்கும் கிடைக்காமலே போயின.

மன்னரோடு ஆக்ஸ்போர்டில் தங்கியபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. நண்பர் ஒருவரின் கல்லூரி அறையில் அடைகாக்கும் கோழி வைத்து, நாள்தோறும் ஒரு முட்டையை உடைத்துக் குஞ்சின் வளர்ச்சியை ஆராய்ந்தார். 1646 இல் ஆக்ஸ்போர்டு வீழ்ந்தது. 1649 இல் மன்னர் தலையிழந்தார். நாட்டின் இருதயம் என்று தாம் வணங்கிய தலைவனை இழந்த முதியவர், தம்பியரின் இல்லங்களில் அடைக்கலம் புகுந்தார். அங்கேதான் 1651 இல் உயிர்களின் பிறப்பைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது.

இறுதி நாட்கள்

குள்ள உருவம், மாநிறம், சுடர்விடும் சிறிய கண்கள், சட்டென எழும் கோபம். இவை ஆப்ரி தரும் சித்திரம். இலண்டனில் காப்பிக் கடைகள் பரவும் முன்பே ஹார்வியும் தம்பி எலியாபும் காப்பி அருந்தி வந்தனராம். நம் அன்பர்கள் இதனை மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

தம் கொள்கை தம் வாழ்நாளிலேயே ஏற்கப்படுவதைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது. 1654 இல் மருத்துவர் கல்லூரி தலைமைப் பதவியை அளித்தபோது, முதுமையைக் காட்டிப் பணிவுடன் மறுத்தார். கல்லூரிக்குத் தம் செலவில் நூலகம் ஒன்று கட்டித் தந்தார். 1666 இன் பெருந்தீயில் அது எரிந்துபோயிற்று. 1657 ஜூன் 3 ஆம் நாள், 79 ஆம் வயதில், வாத நோயால் பேச்சிழந்து உயிர் நீத்தார். எஸ்ஸெக்ஸ் மாநிலத்து ஹெம்ப்ஸ்டெட் சிற்றூரில் அடக்கமானார்.

அவர் காணாத கடைசிக் கண்ணியை நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661 இல், இத்தாலியர் மால்பீகி கண்டார். நுண்ணோக்கியின் கீழே வைத்த தவளையின் நுரையீரலில், தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகள் தெரிந்தன. மால்பீகி பிறந்தது, ஹார்வியின் நூல் வெளிவந்த அதே 1628 இல். அங்கும் உண்மையைச் சொன்னது ஒரு தவளையே.

மறைவதற்கு முந்திய ஆண்டில், 1656 இல், ஹார்வி தம் பரம்பரை நிலத்தைக் கல்லூரிக்கு எழுதிவைத்தார். அதன் வருவாயில் உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடவேண்டும். முன்னோர் செய்த நன்மைகளை ஒருவர் எடுத்துரைக்க வேண்டும். இயற்கையின் மறைபொருளைச் சோதனையால் தேடுமாறு அனைவரையும் ஊக்க வேண்டும். ஒருவரோடொருவர் அன்போடு வாழுமாறு வேண்ட வேண்டும். பின்னர் ஒன்றாய் உணவருந்த வேண்டும் என்பது அவர் விதித்த நெறி. அவர் பெயரால் அமைந்த அச்சொற்பொழிவு இலண்டனில் இன்றும் நடைபெறுகிறது.

ஆண்டுக்கு ஒரு நாள் கூடிப் பெரியோரை நினைந்து, பேசி, உண்டு, அன்பை வளர்த்துப் பிரியும் நமக்கு இந்நெறி புதியது அன்று. விழா முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளைகளின் கையைப் பற்றி மணிக்கட்டில் நாடியை ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள். அங்கே ஒலிப்பது மீனுக்கும் தவளைக்கும் பறவைக்கும் நமக்கும் பொதுவான ஒரு தாளம். அதன் பொருளை ஹார்வி எவ்வாறு கண்டார் என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.